பழைய மடிக்கணினியில் பிசி கார்டு, எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட் வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றின் பக்கவாட்டில் ஏடிஎம் அட்டை நுழையும் அகலத்தில் ஒரு வாய் இருக்கும். நெட்வொர்க் கார்டு, டேட்டா கார்டு, சீரியல் போர்ட் கார்டு, ஃபயர்வயர் (ஒலி, காணொளிச் சாதனங்களை இணைக்கும் போர்ட்) கார்டு என்று பலவும் ஒரு காலத்தில் அதில்தான் செருகப்பட்டன. இன்று பெரும்பாலோர் அதை மறந்துவிட்டாலும், பட்டறைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஆய்வகங்களிலும் அந்த ஒரு ஸ்லாட்டுக்காகவே பழைய மடிக்கணினியைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்லாட் பழுதாகிவிட்டதாகத் தோன்றும்போது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னதும் நம்பிவிடாமல், அதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் மடிக்கணினியில் இருப்பது எந்த வகை ஸ்லாட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வகைகள் உண்டு. மூன்றையும் பலர் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது. முதலாவது, 1990-இல் பிசிஎம்சிஐஏ அமைப்பு வெளியிட்ட தரத்தில் தொடங்கிய 16-பிட் பிசி கார்டு. இரண்டாவது, 1995-இல் அதே வடிவத்தில் வந்த 32-பிட் கார்ட்பஸ். இவை இரண்டும் 85.6 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும் கொண்டவை, அதாவது ஏடிஎம் அட்டையின் அளவே. இரண்டுக்கும் ஸ்லாட்டின் உள்ளே 68 ஊசிகள் உண்டு. மூன்றாவது, 2003-இல் அறிமுகமான எக்ஸ்பிரஸ் கார்டு. இதற்கு ஊசிகள் கிடையாது. 26 தட்டையான தொடுபுள்ளிகள் மட்டுமே. கார்டின் நீளம் 75 மி.மீ.; அகலத்தில் 34 மி.மீ., 54 மி.மீ. என இரண்டு வகை.

டார்ச் அடித்து ஸ்லாட்டின் ஆழத்தில் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசிகள் தெரிந்தால் அது பிசி கார்டு ஸ்லாட். ஊசிகள் தெரியாமல் ஒரு பக்கத்தில் மட்டும் குறுகிய கனெக்டர் தெரிந்தால் அது எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட். கார்டைப் பார்த்தும் சொல்லலாம்: கனெக்டர் முனையை ஒட்டி, சிறு மேடுகள் வரிசையாக உள்ள பொன்னிறப் பட்டை ஒன்று இருந்தால் அது கார்ட்பஸ், பட்டை இல்லையென்றால் பெரும்பாலும் 16-பிட்.

இந்தப் பாகுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. எக்ஸ்பிரஸ் கார்டை பிசி கார்டு ஸ்லாட்டில் வைத்து அழுத்தியதால் ஊசிகள் வளைந்த மடிக்கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். கார்ட்பஸ் வருவதற்கு முந்தைய, 16-பிட் மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் கார்ட்பஸ் கார்டு கடைசி வரை நுழையாது. அதைத் தடுக்கவே கார்டின் ஓரத்தில் ஒரு படி வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையைப் பழுது என்று எண்ணிக் கூடுதல் பலம் கொடுத்தால் அப்போதுதான் உண்மையான பழுது உண்டாகும்.

கார்டைச் செருகினால் எந்த ஒலியும் இல்லை, எந்தச் செய்தியும் இல்லை. ஸ்லாட் செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். பிசி கார்டு ஸ்லாட்டின் 68 ஊசிகளும் ஒரே நீளம் கொண்டவை அல்ல. மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் உரிய ஊசிகள் மற்றவற்றைவிட நீளமானவை. கார்டு வந்திருக்கிறதா என்று கண்டறியும் 36-ஆம், 67-ஆம் ஊசிகள் எல்லாவற்றையும்விடக் குட்டையானவை. முதலில் கிரவுண்டு சேர வேண்டும், கடைசியில்தான் கார்டு வந்துவிட்ட தகவல் போக வேண்டும் என்ற காரணத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. மேலும், அந்த இரண்டு ஊசிகளும் இரண்டு எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன. ஆகவே கார்டு ஒரு மில்லிமீட்டர் குறைவாக நின்றாலோ சற்றே கோணலாக உட்கார்ந்தாலோ, மீதி 66 ஊசிகளும் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும், கணினியைப் பொறுத்தவரை ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது.

எனவே கார்டை வெளியே எடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் கார்டின் வெளி ஓரத்தின் இரு மூலைகளில் வைத்து, சமமாக, கடைசிச் சிறு இறுக்கத்தைத் தாண்டும் வரை தள்ளுங்கள். அந்த இறுக்கம் விரலுக்கே தெரியும். பெரும்பாலான மடிக்கணினிகளில் அதே நேரத்தில் எஜெக்ட் பொத்தானும் சற்று வெளியே தள்ளி வரும். பொத்தான் வரவில்லையென்றால் கார்டு முழுவதும் போகவில்லை என்று கொள்ளலாம்.

முழுவதும் செருகியும் பயனில்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

பயாஸ் அமைப்புகளை, அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளின் அமைப்புகளைப் பாருங்கள். திங்க்பேட் வகைகள் பலவற்றில், பாதுகாப்புப் பிரிவின் கீழ் போர்ட்களை ஒவ்வொன்றாக முடக்கும் வசதி உண்டு. எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்டும் அந்தப் பட்டியலில் வரும். அலுவலகங்களில் இருந்து கைமாறி வந்த மடிக்கணினிகளில் இது முடக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தோஷிபாவின் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் கார்டு கன்ட்ரோலரின் (ஸ்லாட்டை இயக்கும் சிப்பின்) முறையையே தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கும்: தானாகத் தேர்வு, கார்ட்பஸ், பழைய பிசிஐசி இணக்க முறை என்பவை அவை. இணக்க முறையில் மாட்டிக்கொண்டிருந்தால் தானாகத் தேர்வு என்பதற்கு மாற்றுங்கள்.

பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். கேட்பதற்கு மந்திரம் போல இருந்தாலும், இதில் பொருள் உண்டு. ஸ்லாட்டுக்கு மின்சாரம் விடும் ஐசி (சிறு மின்னணுச் சில்லு), மிகை மின்னோட்டம் கண்டு தன்னை நிறுத்திக்கொண்டிருந்தால், மின்சாரம் முழுவதும் வடிந்தபின் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

பழுது கார்டிலா, ஸ்லாட்டிலா என்று செலவில்லாமல் எப்படிப் பிரித்தறிவது?

வேறொரு கார்டைப் போட்டுப் பார்ப்பதே வழி. அந்த வேறொரு கார்டு எது என்பதில்தான் யோசனை வேண்டும். என் பையில் எப்போதும் இருப்பது, காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை பிசி கார்டாக மாற்றும் ஒரு சாதாரண அடாப்டர். உள்ளே ஐசி எதுவும் இல்லாத, வெறும் கம்பித் தொடர்புகள் மட்டுமே கொண்ட பொருள் அது. காம்பாக்ட் ஃபிளாஷ் தரமே பிசி கார்டின் தரத்திலிருந்து எடுத்துச் செய்யப்பட்டதால் அந்த எளிமை சாத்தியமாகிறது. அதற்குத் தனி டிரைவரும் தேவையில்லை. ஸ்லாட்டில் போட்டவுடன் ஒரு டிரைவாகத் தெரிந்தால், ஊசிகள், மின்சாரம், கன்ட்ரோலர் ஆகிய மூன்றும் பெருமளவுக்கு நலமாக இருக்கின்றன என்று பொருள்.

சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் பட்டறை) இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் இந்த அடாப்டர் ஏற்கெனவே இருக்கும். ஃபானுக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் திரைக்கு அருகே பிசிஎம்சிஐஏ ஸ்லாட் இருப்பதால், புரோகிராம்களை மடிக்கணினிக்கும் இயந்திரத்துக்கும் இடையே எடுத்துச் செல்ல அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: பேட்டரி பொருத்திய பழைய எஸ்ரேம் நினைவகக் கார்டைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். விண்டோஸில் அது சாதாரண டிரைவாகத் தெரியாமல் போவது இயல்பு. அதனால் உங்களுக்குத் தவறான முடிவு கிடைக்கும். அதன் பேட்டரி தீர்ந்திருந்தால் உள்ளே இருந்த தகவலும் போய்விடும்.

16-பிட் கார்டு வேலை செய்கிறது, கார்ட்பஸ் கார்டு மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

மேலே சொன்ன அடாப்டர் சோதனைக்கு உள்ள எல்லையும் இதுவே. 16-பிட் கார்டும் கார்ட்பஸ் கார்டும் அதே 68 ஊசிகளைத்தான் பயன்படுத்துகின்றன என்றாலும், வேலை முறை முற்றிலும் வேறு. கார்ட்பஸ் என்பது அடிப்படையில் 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிசிஐ பஸ், அதாவது கணினியோடு சாதனங்களை இணைக்கும் தகவல் வழி. 16-பிட் கார்டுகளில் 5 வோல்ட்டில் இயங்குபவையும் உண்டு, 3.3 வோல்ட்டில் இயங்குபவையும் உண்டு, கார்ட்பஸ் 3.3 வோல்ட்டில் மட்டுமே இயங்கும். எந்த மின்னழுத்தம் வேண்டும் என்பதைச் சொல்லத் தனியாக இரண்டு ஊசிகள் இருக்கின்றன. ஆகவே 3.3 வோல்ட் வழி மட்டும் பழுதானாலோ, மின்னழுத்தம் சொல்லும் ஊசியில் அழுக்கேறினாலோ, 5 வோல்ட் 16-பிட் கார்டு ஓடிக்கொண்டிருக்க, கார்ட்பஸ் கார்டு அசையாமல் இருக்கலாம். பயாஸில் பழைய இணக்க முறை தேர்வாகியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும் என்பதால் முதலில் அதைச் சரிபாருங்கள், அதற்குச் செலவில்லை.

விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரிகிறது. அதன் பொருள் என்ன?

மஞ்சள் குறி நல்ல செய்தி என்றே சொல்வேன். கார்டு வந்ததைக் கணினி உணர்ந்திருக்கிறது, மின்சாரம் போயிருக்கிறது, கார்டு தன்னைப் பற்றிச் சொன்னதைக் கணினி படித்திருக்கிறது. எனவே மிச்சம் இருப்பது பெரும்பாலும் மென்பொருள் சிக்கல். அந்த வரியை இருமுறை சொடுக்கினால் ஓர் எண் தெரியும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. தவறான டிரைவர் முதல் நலிந்த கார்டு வரை காரணங்கள் பல. 12 என்றால் அந்தக் கார்டுக்கு ஒதுக்கப் போதுமான வளங்கள் இல்லை.

எண் 12 கார்ட்பஸ் ஸ்லாட்டுகளில் அடிக்கடி தலைகாட்டும். நினைவக முகவரிகளை பயாஸ் பங்கிட்டுக் கொடுக்கும்போது கார்ட்பஸ் பகுதிக்குப் போதிய இடம் விடாததே இதற்குப் பொதுவான காரணம். தேவையில்லாத சாதனங்களை, எடுத்துக்காட்டாக உள்மோடத்தையோ இன்ஃப்ராரெட் போர்ட்டையோ, பயாஸிலேயே முடக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் வெளியிட்ட கடைசி பயாஸ் பதிப்பு கிடைத்தால் அதையும் பரிசீலியுங்கள். ஆனால் பேட்டரி சார்ஜ் நிற்காத மடிக்கணினியில் பயாஸைப் புதுப்பிக்க முயலாதீர்கள்.

கார்டு அல்லாமல் கார்ட்பஸ் கன்ட்ரோலருக்கே மஞ்சள் குறி இருந்தால், பிசிஎம்சிஐஏ அடாப்டர்கள் என்ற தலைப்பின் கீழ் உள்ள அந்த வரியை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் அதைத் தானே மீண்டும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

லினக்ஸில் சோதிப்பதால் பயன் உண்டா?

உண்டு. விண்டோஸ் மௌனமாக இருக்கும் இடத்திலும் லினக்ஸ் என்ன நடந்தது என்று எழுதிவைக்கும். சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக ஓடும் லினக்ஸ் ஒன்றைத் தொடங்கி, கார்டைச் செருகியவுடன் கெர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதும் குறிப்புகளைப் பாருங்கள். ஸ்லாட் பூஜ்யத்தில் பிசிஎம்சிஐஏ கார்டு அல்லது கார்ட்பஸ் கார்டு செருகப்பட்டது என்ற வரி வந்தால், கண்டறியும் ஊசிகள் நலம். அந்த வரி வந்து அதன்பின் பிழை வந்தால் சிக்கல் டிரைவரிலோ கார்டிலோ இருக்கிறது. எந்த வரியும் வராவிட்டால், கன்ட்ரோலரே பிசிஐ சாதனப் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். அதுவும் தெரியவில்லை, பயாஸிலும் முடக்கப்படவில்லை என்றால் மட்டுமே மதர்போர்டைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

ஊசி வளைந்திருக்கிறது. நானே நிமிர்த்தலாமா?

நிமிர்த்தலாம், ஆனால் பொறுமை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் மடிக்கணினிக்கு மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று ஒரு பழுதுபார்ப்புக் கடையில் சொல்லிவிட்டார்கள். அதை வாங்கிப் பார்த்தபோது, இரண்டாம் வரிசையின் முனைக்கு அடுத்த ஊசி, அதாவது 36-ஆம் ஊசி, பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. மற்ற 67 ஊசிகளும் நேராக நின்றன. அந்த ஒன்றை நிமிர்த்த அரை மணி நேரம் ஆனது. ஸ்லாட் பேசத் தொடங்கிவிட்டது.

இதற்கு உகந்த கருவி, 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனை. உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துவிட்டால் முனையில் ஒரு நுண்ணிய உலோகக் குழல் மிஞ்சும். அதை வளைந்த ஊசியின் மேல் மாட்டி, ஒரே மூச்சில் நிமிர்த்தாமல், சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் பக்கத்து ஊசிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து நகர்த்துங்கள். ஒரு முறை வளைந்த உலோகம் இரண்டாம் முறை தாங்கும். நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். ஊசிகள் ஸ்லாட்டின் ஆழத்தில் இருப்பதால் வெளியிலிருந்து பென்சில் எட்டாது. மடிக்கணினியைப் பிரித்து, ஸ்லாட்டின் மேல் உள்ள உலோகக் கூட்டைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய முடியும். பேட்டரியைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஊசி ஒடிந்தேவிட்டால் அது எந்த ஊசி என்று எண்ணிப் பாருங்கள். 1, 34, 35, 68 ஆகிய நான்கும் கிரவுண்டு. 17-உம் 51-உம் மின்சாரம். நான்கு கிரவுண்டு ஊசிகளில் ஒன்று போனாலும் பல 16-பிட் கார்டுகள் சமாளித்துக்கொள்ளும். மற்றவை போனால் கனெக்டரையே மாற்ற வேண்டும்.

மல்ட்டிமீட்டரில் பார்த்தேன், ஸ்லாட்டில் பூஜ்ய வோல்ட்தான் காட்டுகிறது. மின்சாரம் வரவில்லை என்பது உறுதியாகிவிட்டதா?

இல்லை. காலியான ஸ்லாட்டில் பூஜ்யம் காட்டுவதே சரியான நிலை. கார்டு வந்திருப்பது தெரிந்து, அதற்கு எந்த மின்னழுத்தம் வேண்டும் என்பதும் தெரிந்த பிறகே மின்சாரம் திறந்துவிடப்படும். பிசி கார்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்2211 போன்ற ஐசிகளும், எக்ஸ்பிரஸ் கார்டில் டிபிஎஸ்2231 போன்றவையும் இந்த வாயிற்காவல் வேலையைச் செய்கின்றன. கார்டு செருகிய நிலையில், மதர்போர்டில் அந்த ஐசியின் வெளியீட்டுப் பக்கத்தில் அளந்தால்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. உள்ளீட்டில் மின்னழுத்தம் இருந்து, கார்டு கண்டறியப்பட்டும் வெளியீட்டில் இல்லையென்றால் ஐசியையோ, அதற்குப் பின்னால் உள்ள குறுக்கிணைப்பையோ சந்தேகிக்கலாம். எட்டிய இடத்தில் எல்லாம் புரோபை வைத்து, பக்கத்து ஊசியோடு சேர்த்துத் தொட்டு, நலமாக இருந்த ஸ்லாட்டைக் கெடுத்தவர்களும் உண்டு.

சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆண்டெனா கொண்ட கார்டுகளே இதற்கு முதற் குற்றவாளி. மடியில் வைத்துக் கணினியைப் பயன்படுத்தும்போது அந்த நீட்டம் எங்காவது இடித்து நெம்புகோல் போல் வேலை செய்யும். கனெக்டரை மதர்போர்டோடு சேர்க்கும் சால்டர் நாளடைவில் விரிசல் விடும். கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வெளி ஓரத்தை விரல் நுனியால் மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தொடர்பு அறுந்தறுந்து வந்தால் இயந்திர வகைப் பழுதுதான்.

சால்டரில் கை வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் ஸ்லாட் கூடு தனித் துணைப் பலகையில் இருந்து, ஒரு கனெக்டர் வழியாக மதர்போர்டோடு சேரும். அதைக் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். அசைத்தாலும் மாறாமல், கணினி சூடேறிய பிறகு மட்டும் நின்றுபோனால், கார்டே சூடு தாங்காமல் ஒதுங்குகிறதா என்று வேறு கார்டால் சோதியுங்கள்.

எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்டில் ஒரு கார்டு ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. இது எப்படி?

எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட் என்பது ஒரே வாய்க்குள் இருக்கும் இரண்டு வழிகள்: ஒன்று யுஎஸ்பி 2.0, மற்றொன்று பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒவ்வொரு கார்டும் தனக்கு வேண்டிய வழியை எடுத்துக்கொள்கிறது. எந்த வழி என்பதைக் கணினிக்குச் சொல்லத் தனித்தனிச் சைகைக் கம்பிகளும் உண்டு. மொபைல் டேட்டா கார்டுகளும் பல மெமரி கார்டு ரீடர்களும் யுஎஸ்பி வழியில் ஓடும். ஃபயர்வயர், இ-சாட்டா, கிகாபிட் நெட்வொர்க் கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் ஓடும். எனவே ஒரு கார்டு ஓடி மற்றொன்று ஓடாதபோது, இரண்டும் எந்த வழியைச் சேர்ந்தவை என்று பாருங்கள். பாதி ஸ்லாட் உயிரோடு இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வழிக் கார்டு மட்டும் அடம்பிடித்தால், கணினியை அணைத்து, கார்டைச் செருகிய நிலையிலேயே தொடங்கிப் பாருங்கள். ஓடும் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டைச் செருகுவதை விண்டோஸ் எக்ஸ்பி தானாகக் கையாளாது. பயாஸின் உதவியை எதிர்பார்க்கும். விஸ்டாவிலிருந்துதான் அது இயங்குதளத்தின் பகுதியானது. டிவைஸ் மேனேஜரில் எக்ஸ்பிரஸ் கார்டு கன்ட்ரோலரைத் தேடிக் காணாமல் கவலைப்படவும் வேண்டாம். இந்த ஸ்லாட் நேரடியாகச் சிப்செட்டோடு சேர்வதால் கார்ட்பஸ்ஸுக்கு இருந்தது போன்ற தனிக் கன்ட்ரோலர் இதற்குக் கிடையாது.

கார்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. எப்படி எடுப்பது?

கணினியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள். எஜெக்ட் பொத்தானை அழுத்தும் அதே நேரத்தில் கார்டின் ஓரத்தை நகத்தால் பிடித்து நேராக இழுங்கள். குறட்டால் இழுத்தால் கார்டின் உலோக மேலுறை மட்டும் உரிந்து கையோடு வந்துவிடும். வராவிட்டால் பிரித்து எடுப்பதே பாதுகாப்பு.

எல்லாம் சரியாக இருந்தும் கார்டால் பயன் இல்லையே?

ஸ்லாட்டின்மேல் பழி போடும் முன் கார்டு இன்றைய உலகத்தோடு பேசக்கூடியதா என்று கேளுங்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் பரவலாக விற்ற, சிடிஎம்ஏ என்னும் பழைய மொபைல் முறையில் ஓடும் டேட்டா கார்டுகள் இன்றும் டிவைஸ் மேனேஜரில் அழகாகத் தெரியும். இணைய வேண்டிய சேவைதான் இல்லை. முதல் தலைமுறை வைஃபை கார்டுகள் பல, வெப் என்னும் பழைய குறியாக்கத்தை மட்டுமே அறிந்தவை. இன்றைய ரவுட்டர் கேட்கும் டபிள்யூபிஏ2 அவற்றுக்குப் புரியாது.

ஸ்லாட்டைச் சரிசெய்ய முடியாவிட்டால் யுஎஸ்பி மாற்றி வாங்கலாமா?

கார்டைப் பொறுத்தது. யுஎஸ்பி வழியில் ஓடும் எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்கு மலிவான மாற்றிகள் போதும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழிக் கார்டு அதே மாற்றியில் உயிர்பெறாது. விற்பவர் அட்டைப்பெட்டியில் இதைச் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார். கார்ட்பஸ் கார்டுகளின் நிலையும் அதுவே. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைக்கு ஒரு சாதாரண யுஎஸ்பி ரீடர் போதும். சீரியல் போர்ட்டுக்கு யுஎஸ்பி சீரியல் கேபிள் பெரும்பாலும் போதும். ஃபயர்வயர் ஒலிச் சாதனம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதில் வழியில்லை. அவர்கள் ஸ்லாட் நலமாக உள்ள அதே வகை மடிக்கணினி ஒன்றைத் தேடி வாங்குவது, கனெக்டரை மாற்றிச் சால்டர் செய்வதைவிட எளிது.

ஸ்லாட்டில் செருகி வந்த பிளாஸ்டிக் வெற்று அட்டையைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். மூடி இல்லாத ஸ்லாட்டுகளில் தூசியும், குழந்தைகள் போடும் நாணயமும் ஊசிகள் வரை போகாமல் தடுப்பது அது ஒன்றுதான். கார்டை எடுத்தவுடன் அதைத் திரும்பச் செருகிவிடுங்கள்.